குறைந்த ஒலியும் மறைந்த ஒலியும்

1960-ஆம் ஆண்டு வாக்கில், சிறுவனாயிருந்த நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் செல்லும்போதெல்லாம் ஜன்னலோரத்தில்தான் அமர்வேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய் வரும். இருப்புப்பாதையை ஒட்டிக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் உச்சியில் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள்; குமிழ்களைப் பற்றிக்கொண்டு செல்லும் கம்பிகள். அக்கம்பிகள் மெல்லத் தாழ்ந்து, அடுத்த கம்பம் வந்ததும் சட்டென்று உயர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போவது தெரியாது.

வண்டி நிற்காத வேளைகளில் நாங்கள் கம்பத்தின்மேல் காதை வைத்துக் கேட்பதுண்டு. உள்ளே 'ங்' என்று ஒரு ரீங்காரம் ஓயாமல் ஒலிக்கும். சென்னையில் இருப்பவர் திருச்சியில் இருப்பவரோடு பேசும் பேச்சுத்தான் அது என்று நானும் என் தோழர்களும் உறுதியாக நம்பினோம். கல்லூரியில் பௌதிகம் படித்தபிறகுதான் உண்மை தெரிந்தது. அது காற்று கம்பியில் மோதி எழுப்பிய ஓசை. உண்மையான பேச்சு மின்னோட்டமாகிச் சப்தமின்றி எங்கள் காதருகே சென்றுகொண்டிருந்தது.

அந்தப் பேச்சு போகும் வழியிலேயே தேய்ந்துகொண்டும் இருந்தது. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது அந்தத் தேய்மானத்தைப் பற்றியும், அதைச் சரிசெய்ய மனிதன் கண்ட ஒரு சாதனத்தைப் பற்றியுந்தான். அச்சாதனத்துக்கு ஆங்கிலத்தில் 'ஈக்வலைஸர்' என்று பெயர். நாம் அதைச் சமனாக்கி என்று அழைப்போம்.

எதைச் சமனாக்குவது? இரண்டு கம்பிகள் அருகருகே நெடுந்தூரம் செல்லும்போது அவ்விரண்டும் சேர்ந்து ஒரு பெரிய கண்டென்சர் போல நடந்துகொள்கின்றன. பேச்சிலுள்ள தாழ்ந்த சுரங்கள் அதிகச் சேதமின்றி மறுமுனையை அடைகின்றன. உயர்ந்த சுரங்களோ வழியிலேயே ஒழுகிப் போகின்றன. தூரம் கூடக் கூட இந்த ஓரவஞ்சனையும் கூடுகிறது. மறுமுனையில் கேட்பவருக்கு, போர்வைக்குள்ளிருந்து ஒருவர் பேசுவதுபோல் இருக்கும். குரல் கேட்கும், சொல் விளங்காது.

ஒலியை முழுவதுமாக உயர்த்தினால் இது தீராது. குறையாத பகுதியும் சேர்ந்தல்லவா உயர்ந்துவிடும்? ஆகவே தொலைபேசிப் பொறியாளர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். கம்பியின் முடிவில் ஒரு சிறு மின்சுற்றை அமைத்து, வழியில் குறையாமல் வந்த தாழ்ந்த சுரங்களை அதே அளவுக்கு வேண்டுமென்றே குறைத்தார்கள். எல்லாம் ஒரே அளவாகக் குறைந்து சமனான பின்பு, வால்வுப் பெருக்கியைக் கொண்டு மொத்தத்தையும் உயர்த்தினார்கள். சமனாக்கி என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

வால்வைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். காற்றகற்றிய கண்ணாடிக் குமிழினுள் சூடேறிய இழையிலிருந்து மின்னணுக்கள் வெளிப்பட்டு ஒரு தகட்டை நோக்கிப் பாய்கின்றன. 1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளெமிங் இதை ஒருவழிக் கதவாகப் பயன்படுத்தினார். 1906-இல் அமெரிக்காவில் டி பாரெஸ்ட் இடையில் ஒரு கம்பி வலையையும் வைத்தார். வலையில் சிறிது மின்னழுத்தம் மாறினாலும் அந்தப் பாய்ச்சல் பெரிதும் மாறியது. வலிமையற்ற ஒலியை வலிமையுள்ளதாக்கும் வழி பிறந்தது. 1915-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் தொலைபேசியில் பேசிக்கொண்டபோது, வழியில் தளர்ந்த குரலைத் தாங்கி அனுப்பியவை இத்தகைய வால்வுகளே. நம் நாட்டிலும் 1961 முதல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்தது.

தொலைபேசிக்குப் பிறந்த சமனாக்கி விரைவில் திரைப்படத்துக்கும் இசைத்தட்டுக்கும் ஒலிபரப்புக்கும் வந்து சேர்ந்தது. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சுரங்களை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகன்று அடுத்த வரியில் புகுந்துவிடும். அதனால் பதிவு செய்யும்போது அவற்றைக் குறைத்தும், உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் வெட்டுவார்கள். இசைக்கும்போது பெருக்கி அதற்கு நேர்மாறாகச் செய்து சமனாக்கும். அமெரிக்க நிறுவனங்கள் 1954-இல் இதற்கு ஒரு பொது விதி வகுத்துக்கொண்டன. அவ்விதிப்படி 20 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 20 முறை அதிரும் சுரம், ஏறக்குறைய 19 டெசிபெல் குறைத்துப் பதிவு செய்யப்படுகிறது. 6 டெசிபெல் என்பது மின்னழுத்தத்தில் இரு மடங்கு. 20 டெசிபெல் என்பது பத்து மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன்.

நான் விழுப்புரத்தில் பௌதிக ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன்பு, திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து முதிய அம்மையார் ஒருவர் தம் தம்பியுடன் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. பைக்குள் ஒரு சுருள் ஒலிநாடா. அவருடைய தந்தையார் தெருக்கூத்து வாத்தியார். கர்ண மோட்சம் கூத்தில் கர்ணன் வேடம் கட்டிப் பெயர் பெற்றவர். 1968-இல், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தாம் கொணர்ந்த டேப் ரிக்கார்டரில் அவருடைய பாட்டையும் பேச்சையும் பதிவு செய்திருந்தார். வாத்தியார் மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் குரலாக உலகில் எஞ்சியிருந்தது அந்த ஒரு நாடாவே.

அதில் ஓரிடத்தில் அவர் தமக்குக் கூத்துப் பயிற்றியவர் யார், அவர் எந்த ஊரார் என்று சொல்லுகிறார். அந்த ஊர்ப் பெயர்தான் விளங்கவில்லை. 'வளவனூர்' என்று தம்பி கேட்டார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள வளவனூரில் அவர்களுக்கு உறவு உண்டு. அங்கே இருமுறை சென்று விசாரித்தும் எந்தத் தடயமும் கிட்டவில்லை. அக்காளோ, 'தளவானூர்' என்று கேட்டார். அது செஞ்சிப் பக்கத்து ஊர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலால் வரலாற்றில் இடம்பெற்றது. நெடில் குறில் கொண்டு தெளியலாமே என்பீர்கள். வாத்தியாரின் விரைந்த பேச்சிலும் நாடாவின் ஓட்டத் தடுமாற்றத்திலும் 'வா'வும் 'வ'வும் ஒன்றுபோலவே இருந்தன. முதல் எழுத்து தெரிந்தால்தான் ஊர் தெரியும்.

"ஐயா, அந்த வாத்தியார் வீட்டில் பழைய கூத்து நோட்டு இருக்கவேண்டும். அப்பா பாடிய கர்ண மோட்சத்தில் பாதிதான் என் தம்பிக்குப் பாடம். மீதி அந்த நோட்டில்தான் இருக்கும்" என்றார் அம்மையார்.

ஓர் எழுத்து, அதன்மேல் ஒரு கூத்தின் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அவர்களை அழைத்துக்கொண்டு திண்டிவனத்தில் எனக்குப் பழக்கமான ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய கடைக்குள் வால்வு ரேடியோக்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். சுருள் நாடாவை ஓட்டும் கருவியும் அவரிடம் வேலை செய்யும் நிலையில் இருந்தது. நாடாவை ஒருமுறை கேட்டுவிட்டு, "மேல் சுரமெல்லாம் செத்துக் கிடக்கிறது, தம்பி. நம்ம ருஷ்யாக்காரனை எடுத்துப் பார்க்கலாமா?" என்றார்.

அவர் குறிப்பிட்டது ஒரு சோவியத் நாட்டு வால்வுச் சமனாக்கியை. சாம்பல் நிற இரும்புப் பெட்டி. ஒரு சிறிய அரிசி மூட்டையின் கனம். 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எடைக்கு எடை விலை பேசி வாங்கியது. இத்தகைய கருவி வீட்டுக்கு வீடு விற்கும் பொருளன்று. ஒலிப்பதிவு நிலையம் ஒன்றுக்கு ஒன்றிரண்டு போதும். ஆகவே இது அரிதாயிற்று. அரிதானதால் இன்று உலகெங்கும் ஒலிப்பதிவாளர்கள் தேடுகிறார்கள். 1951-இல் அமெரிக்காவில் பல்டெக் என்னும் பெயரோடு வந்த வால்வுச் சமனாக்கிக்கும் இதே மதிப்பு.

சோவியத் பொருள் நம் பக்கத்துக்குப் புதிதன்று. 1953-ஆம் ஆண்டு டிசம்பரில் இரு நாடுகளுக்கும் வர்த்தக உடன்படிக்கை ஏற்பட்டது. விழுப்புரத்துக்குத் தெற்கே, நெய்வேலியில் சோவியத் ஒத்துழைப்போடு அமைந்த முதல் அனல் மின்நிலையம் 1962-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றது. மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் கேட்டவர்களும், சோவியத் நாட்டு விஞ்ஞான நூல்களைத் தமிழில் படித்தவர்களும் என் தலைமுறையில் பலர்.

அண்ணா பெட்டியை உடனே மின்சாரத்தில் செருகவில்லை. முதலில் பின்புறத்தைப் பார்த்தார். சோவியத் நாட்டில் 127 வோல்ட், 220 வோல்ட் என்று இருவகை மின்வழங்கல் இருந்தமையால், பழைய கருவிகளில் அதற்கேற்ற மாற்றுக்கட்டை இருக்கும். அது 127-இல் நின்றிருக்க, நம் 230 வோல்டைக் கொடுத்திருந்தால் டிரான்ஸ்பார்மர் புகைந்திருக்கும். அதை மாற்றிவைத்து, நெடுங்காலம் உறங்கிய கண்டென்சர்கள் திடீர் அழுத்தத்தில் வெடிக்காதபடி, ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்கொடுத்தார். மெக்கானிக்குகள் இதைச் சீரிஸ் விளக்கு என்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே கோளாறு. மங்கலாக எரிந்தால் நலம். அது மங்கலாகவே எரிந்தது. சிறிது நேரத்தில் வால்வுகளின் அடியில் செந்நிற ஒளி பரவிற்று.

மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தவற்றை நீங்களே பெயர் சொல்லிவிடலாம்: கம்பிச்சுருள்கள், கண்டென்சர்கள், தடைகள், வால்வுகள். சுருள் தாழ்ந்த சுரங்களுக்கு எளிதில் வழிவிடும்; உயர்ந்தவற்றைத் தடுக்கும். கண்டென்சரின் குணம் நேர் எதிர். இரண்டையும் சேர்த்தால், இரண்டின் தடையும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் ஒரு சுரம் உண்டு. ஒரு ஹென்றி சுருளையும் 0.01 மைக்ரோபாரட் கண்டென்சரையும் இணைத்தால், அச்சுரம் ஏறக்குறைய 1592 ஹெர்ட்ஸ் ஆகும். ஒத்ததிர்வுச் சூத்திரத்தைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். குமிழைத் திருப்பும்போது நாம் செய்வது, வேறு வேறு சுருளையும் கண்டென்சரையும் தேர்ந்தெடுப்பதே. இந்த உறுப்புகள் ஒலியைக் குறைக்க மட்டுமே வல்லவை. ஒரு பகுதி கூடியதுபோல் தோன்றுவது, மற்றப் பகுதிகள் குறைந்ததால். அந்தப் பொதுக்குறைவை வால்வு ஈடுசெய்கிறது. தொலைபேசிக் கம்பியின் முடிவில் கண்ட அதே உபாயம்!

எல்லாம் தயார். ஆனால் அன்று மாலைக்குள் நாங்கள் மூன்று தவறுகள் செய்தோம். அவற்றை மறைக்காமல் சொல்லுகிறேன்; வெற்றியைவிட அவையே உங்களுக்குப் பயன்படும்.

முதல் தவறு அவசரம். நாடாவைப் படிக்கும் காந்தத் தலையைத் துடைக்காமலே சமனாக்கியைத் திருகத் தொடங்கினோம். இந்த நாடா வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் பதிவானது. 5000 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஓர் அலை அதில் 19 மைக்ரான் நீளமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைக்கும் நாடாவுக்கும் இடையில் 5 மைக்ரான் அழுக்கு படிந்திருந்தால் போதும், அச்சுரம் ஏறக்குறைய 14 டெசிபெல் குறைந்து ஐந்தில் ஒரு பங்காகிவிடும். சற்று நேரம் கழித்து அண்ணாவே தலையில் அடித்துக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார். பஞ்சு பழுப்பாயிற்று. தலையின் சாய்வையும் திருகிச் சரிசெய்தார். சமனாக்கி இல்லாமலே குரல் பாதி தெளிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்காமல் கண்ணைக் குறை சொன்ன கதைதான்.

இரண்டாம் தவறு அறியாமை. பெட்டியின் முகப்பில் இரண்டு பெரிய குமிழ்கள். ஒன்றன்மேல் ஆங்கில 'எச்' போன்ற எழுத்து. மற்றொன்றன்மேல் ஆங்கில 'பி' போன்ற எழுத்து. 'எச்' என்றால் ஹை, அதாவது உயர்ந்த சுரம். 'பி' என்றால் பேஸ், அதாவது தாழ்ந்த சுரம் என்று நாங்களே முடிவுகட்டினோம். 'எச்'சைக் கூட்டினோம். மத்தளம் முழங்கியதே தவிரச் சொல் தெளியவில்லை. "ருஷ்யாக்காரன் கெட்டுப் போய்விட்டான்" என்றார் அண்ணா.

கெட்டுப் போயிருந்தது எங்கள் எழுத்தறிவு. ருஷ்ய மொழியில் 'எச்' போலத் தோன்றும் எழுத்தின் ஒலி 'ந'. அது 'நீஸ்கியே', அதாவது 'தாழ்ந்த' என்னும் சொல்லின் முதலெழுத்து. 'பி' போலத் தோன்றும் எழுத்தின் ஒலி 'வ'. அது 'விசோக்கியே', அதாவது 'உயர்ந்த' என்பதன் முதலெழுத்து. நாங்கள் கருதியதற்கு முற்றிலும் தலைகீழ்! வால்வின்மேல் அச்சிட்டிருந்த பெயரும் இதையே காட்டியது. '6 எச் 2' என்று நாங்கள் படித்தது உண்மையில் '6-ந-2-ப'. 6 என்பது வால்வைச் சூடேற்றும் 6.3 வோல்டைக் குறிக்கும். 'ந' ஒரே குமிழிலுள்ள இரட்டை டிரையோடைக் குறிக்கும். 2 அந்த வகையின் வரிசை எண். கடைசி எழுத்து விரல் போன்ற சிறு கண்ணாடிக் குமிழைக் குறிக்கும். ருஷ்ய எழுத்து வரிசையை அகராதியில் பார்த்த பிறகுதான் இவை விளங்கின. ஒரு நாட்டின் கருவியைக் குறை சொல்லுமுன் அந்நாட்டின் நெடுங்கணக்கையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்று தெளிந்தேன்.

மூன்றாம் தவறுதான் பெரியது. சரியான குமிழைக் கண்டபின், சந்தேகமான அந்த ஊர்ப் பெயரையே திரும்பத் திரும்ப ஓட்டி, அது தெளியும் வரையில் குமிழைத் திருப்பினோம். ஒரு நிலையில் தம்பி, "வளவனூர்! தெளிவாகக் கேட்கிறது" என்றார். இன்னும் சிறிது திருப்பியதும் அக்காள், "தளவானூர்தான்" என்றார். எனக்கோ, யார் சொன்னாலும் அது போலவே கேட்டது! காது விரும்பியதை, குமிழ் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படித் தேடினால் கிடைப்பது வாத்தியாரின் குரலாகாது. எங்கள் ஆசையின் எதிரொலியாகும். அன்று நாடாவை நிறுத்திவிட்டு வீடு திரும்பினோம்.

இரவு முழுவதும் யோசித்தேன். சிக்கல் பௌதிகத்தில் மட்டும் இல்லை. நம் இலக்கணத்திலும் இருந்தது. 'த' வல்லினம், நாக்கு நுனி பல்லின் அடியைத் தொட்டு விடுபடும்போது சட்டென்று ஒரு வெடிப்பு பிறக்கிறது. 'வ' இடையினம்; மேற்பல்லும் இதழும் இயைய மென்மையாக வழுவி வருகிறது. எழுத்துகளின் இப்பிறப்பைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். 'த'வின் அந்த வெடிப்பு மிகச் சிறிய நேரமே நிற்பது. உயர்ந்த சுரங்களால் ஆனது. நாடா உயர்ந்த சுரங்களைத் தேய்த்துவிட்டதால், வல்லினம் நைந்து இடையினம் போலாகிவிட்டது. இது நடந்ததா இல்லையா என்பதே எங்கள் கேள்வி.

விடை காணும் வழியும் நாடாவிலேயே இருந்தது. அதே வாத்தியார் அதே நாடாவில் பாரதக் கதையைச் சொல்லும்போது தருமன், துரோணர், துச்சாதனன் என்கிறார். விதுரன், வனவாசம் என்கிறார். கதை நமக்குத் தெரியும். ஆகவே அங்கே எது 'த', எது 'வ' என்பதில் ஐயம் இல்லை. மறுநாள் சென்று, ஊர்ப் பெயரை ஒருமுறைகூடக் கேட்காமல், தெரிந்த இச்சொற்களை மட்டும் ஓட்டினோம். தருமனின் 'த'வும் வனவாசத்தின் 'வ'வும் தெளிவாக வேறுபடும் நிலையைத் தேடினோம். உயர்ந்த சுரங்களை 12 டெசிபெல் கூட்டியபோது வேறுபாடு பளிச்சென்று புலனாயிற்று. அதற்குமேல் கூட்டினால் நாடாவின் இரைச்சலும் அதே மடங்கு கூடிச் சொல்லை விழுங்கியது. அந்நிலையிலேயே குமிழ்களை நிறுத்தி, எண்களைத் தாளில் எழுதி, இனி எவரும் தொடக்கூடாது என்று அண்ணா ஒரு பட்டையை ஒட்டிவிட்டார்.

நாங்கள் நால்வரும் ஆசை கலந்த காதினர். ஆகவே, கதை தெரியாத ஆறு மாணவர்களை அழைத்து, ஊர்ப் பெயரை ஓட்டி, கேட்டதைத் தனித்தனியே எழுதச் சொன்னேன். நால்வர் 'தளவனூர்' என்றும், ஒருவர் 'வளவனூர்' என்றும் எழுதினார்கள். ஒருவர் 'விளங்கவில்லை' என்று நேர்மையாக எழுதினார். என் குறிப்பேட்டில் நான், 'பெரும்பாலும் தளவானூர். உறுதியன்று' என்று பதிந்துகொண்டேன்.

அக்காளும் தம்பியும் தளவானூருக்குச் சென்று வந்தார்கள். கூத்து நோட்டு இன்னும் கிட்டவில்லை. ஆனால் பழங்காலத்தில் அவ்வூரில் ஒரு கூத்துச் செட்டு இருந்ததாகத் தம் பாட்டனார் சொல்லக் கேட்டதாக ஒரு பெரியவர் சொன்னாராம். அந்தச் செட்டின் வழியினர் பிழைப்புத் தேடிப் போன இடத்தை இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் தொலைபேசியிலேயே சமனாக்கி இருக்கிறது. நாங்கள் செய்ததைக் கணிப்பொறி இன்னும் நுட்பமாகச் செய்யும். நாங்களும் பின்னர் நாடா முழுவதையும் எந்தத் திருத்தமுமின்றிக் கணிப்பொறியில் படியெடுத்துக்கொண்டோம்; சமனாக்கிய படியை வேறாக வைத்தோம். மூலத்தைத் தொடாமல் வைப்பது இத்துறையின் முதல் ஒழுக்கம். நாளை உங்களில் ஒருவர் எங்களைவிட நல்ல வழி கண்டுபிடிக்கக்கூடும். அப்போது அவருக்கு வேண்டியது எங்கள் திருத்தம் அன்று, மூலமே.

வால்வுக் கருவிகள் ஒலிக்கு ஓர் இனிமையை ஊட்டும் என்று சொல்வார்கள். அது கட்டுக்கதையன்று. வால்வு, தான் பெருக்கும் சுரத்தோடு அதன் இரு மடங்குச் சுரத்தையும் சிறிது கலந்து தருகிறது. அது காதுக்கு இதமாக இருக்கும். புதிய பாட்டைப் பதிவு செய்கிறவருக்கு அது வரம். மறைந்த ஒருவரின் சொல்லைத் தேடுகிறவருக்கோ அந்தக் கலப்பையும் கணக்கில் கொள்ளவேண்டியிருக்கிறது. எங்களுக்கு இனிமை வேண்டியதில்லை, உண்மை வேண்டும்.

ஓர் உண்மையை அந்தச் சாம்பல் நிறப் பெட்டி எனக்கு ஐயமறக் கற்பித்தது. குறைந்த ஒலி வேறு. மறைந்த ஒலி வேறு. குறைந்ததைச் சமனாக்கி மீட்டுத்தரும். மறைந்ததை எந்தக் கருவியாலும் தரமுடியாது. தந்ததுபோல் தோன்றினால் அது நம் கற்பனை. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டியது கருவியின் வேலையன்று. அதன்முன் அமர்ந்திருப்பவரின் வேலை.

அன்று கடையை விட்டுப் புறப்படும்முன், அம்மையார் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு வேறோர் இடத்தைக் கேட்க விரும்பினார். தருமன் என்று வாத்தியார் அழைக்கும் இடம். அதை மூன்றுமுறை ஓட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்பாவுக்கு முன்பல் ஒன்று உடைந்திருக்கும். 'த' சொல்லும்போது காற்று லேசாகச் சீறும். இத்தனை வருஷமாக இந்த நாடாவில் அது எனக்குக் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்கிறது, ஐயா" என்றார்.

அண்ணா ஒன்றும் சொல்லாமல் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். வால்வுகளின் சிவப்பு மெல்ல அடங்கிற்று.